வக்கீலுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், இன்னும் சாப்பிடவில்லை என்றால் கடிதத்தை மூடி வைத்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிடு. வக்கீலும் சுகம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அடுத்த விமானத்தில் வந்து வாசலில் நிற்பாய். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இன்று காலை பதினொரு துண்டு பப்பாளி சாப்பிட்டான், இருபது நிமிடத்தில் அதே நிறத்தில் வெளியே அனுப்பினான், இப்போது எதிர் நாற்காலியின் முதுகில் உட்கார்ந்து என் பேனாவைப் பழமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி, பதறாதே. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கை நடுங்குகிறது என்று நினைக்க வேண்டாம். மேசை ஆடுகிறது. ஏன் ஆடுகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா கையில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுகிறார். அங்கே முடுக்குவதற்கு ஒன்றும் இல்லை. நீயும் அவரும் பேசாமல் இருக்கும் இந்த இரண்டு வருடத்தில் உன் அறைத் தோழியின் குறட்டை, உன் சோதனைக்கூடத்தில் குளிர்சாதனம் கெட்டது, உனக்குப் பல் வலித்தது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். ஆகவே அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில்தான் சொல்ல முடியும். மாமாவோடு வேலை செய்கிறவர் அந்தப் பக்கம் வருகிறாராம், அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு பொட்டலமும் கொடுத்து அனுப்புகிறேன். பொட்டலத்தை இப்போது பிரிக்காதே, கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டுப் பிரி.

வக்கீல் நம் வீட்டுக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. பறவைப் பண்ணைக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் போன இடத்தில், அலகின் நுனி உடைந்ததால் யாரும் எடுத்துக்கொள்ளாத டூக்கான் பறவை என்று ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். திறந்து பார்த்தால் உடம்பு முழுக்கக் கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, முகத்துக்கு முன்னால் வாழைப்பழம் அளவுக்கு ஆரஞ்சு மூக்கு. வக்கீல் என்று நீதான் பெயர் வைத்தாய். வெளிநாடு போகிற அன்று, இந்த வீட்டில் என் பக்கம் பேச ஒருத்தரை விட்டுட்டுப் போறேன் என்று அப்பாவின் காது கேட்கச் சொன்னாய். அப்பா செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். கூடவே குளிர்பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாய். ஆரஞ்சு, எலுமிச்சை கூடாது, கீரை கூடாது, இறைச்சி கூடாது, உலர்திராட்சை கூடாது, இந்தப் பறவைக்கு இரும்புச் சத்து ஈரலில் போய்த் தங்கி உயிரை எடுத்துவிடும் என்றெல்லாம் எழுதி, கடைசியில் சிவப்பு மையில், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, கேன் தண்ணீர் மட்டும் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய். ஒரு கோடு போட்டிருந்தால் ஒருவேளை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை நடந்தது. நம் வீட்டுத் தண்ணீரை உன் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போய், அறிக்கையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து, இரும்பு புள்ளி மூன்றுக்கு மேல் போகக் கூடாது, நம் குழாயில் இரண்டு புள்ளி நான்கு வருகிறது, எட்டு மடங்கு, பைப்பை மாற்றுங்கப்பா என்றாய். அந்த பைப் ஒவ்வொன்றும் அவர் கையால் மரை போட்டு, சணல் சுற்றி, நீ பிறந்த வருடம் பதித்தது. அப்பாவின் கைப்பட்ட குழாய் இந்தப் பக்கத்தில் நூறு வீட்டில் ஓடுகிறது. நான் வேறு அந்த நேரம் பார்த்து, துணியெல்லாம் பழுப்பாகத்தான் வருகிறது என்று சொல்லித் தொலைத்தேன். முப்பது வருஷமா நான் குடிக்கிற தண்ணி, எனக்கு என்ன ஆச்சு, நீ வளர்ந்த தண்ணி, உனக்கு என்ன ஆச்சு, காகிதத்துல நம்பர் போட்டா அது தண்ணியாயிடுமா என்றார். நீ, தெரியாத விஷயத்துல வாய் விடாதீங்கப்பா என்றாய். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் அறிக்கையை எட்டாக மடித்து ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்குக் கீழே வைத்துவிட்டு, இதுக்காவது உதவட்டும் என்று சொல்லிச் சாப்பிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு மேசை ஆடவில்லை. நீங்கள் இருவரும் பேசவும் இல்லை.

நீ போன பிறகு உன் அறையை வக்கீலுக்கு ஒழித்துக் கொடுத்தோம். சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன், அவன் பின்பக்கத்தைத் திருப்பி எவ்வளவு தூரம் அடிப்பான் என்று உனக்கே தெரியும், அப்பா ஒருநாள் டேப் வைத்து அளந்து நாலடி என்றார். முதல் வாரம் அவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு, மூக்கைத் திருப்பி முதுகில் வைத்து வாலை அதன் மேல் மடித்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தானே, அதைப் பார்த்துவிட்டு, உன் மகளோட காக்கா உடைஞ்சுபோச்சு என்று என்னை வந்து கூப்பிட்டார். அப்போது அவருக்கு அவன் காக்காதான். காக்கா கத்துது, காக்கா என் மூக்குக் கண்ணாடியை எடுத்துட்டுப் போயிடுச்சு, காக்காவுக்குக் கேன் தண்ணி, எனக்குக் குழாய்த் தண்ணி, நல்லா இருக்கு நியாயம் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை. கேன் போடுகிறவர் வாராவாரம் ஒரு கேனைத் தோளில் சுமந்து வந்து இறக்கும்போது அப்பா வாசலில் நிற்பார். யாருக்குங்க உடம்பு சரியில்லை என்று அந்த மனிதர் கேட்பார், பறவைக்கு என்று நான் சொல்வேன், அவர் அப்பாவைப் பார்ப்பார். முப்பது வருடம் ஊருக்குக் குழாய் போட்டவர் வீட்டில் பறவைக்குக் கேன் தண்ணீர். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பங்கை மட்டும் சொன்னால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். எனக்கு ரத்தம் குறைவு, ஊற வைத்த உலர்திராட்சை சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். காலையில் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் வக்கீல் வந்து தோளில் உட்கார்ந்து என் வாயையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். ஒன்று எறிந்தேன், மூக்கின் நுனியில் வாங்கி, தலையை அண்ணாந்து, மேலே தூக்கிப் போட்டு, தொண்டைக்குள் விழவைத்தான். அப்படி ஒரு நேர்த்தி. எனக்குப் பத்து, அவனுக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, எனக்கு ஆறு, அவனுக்கு ஐந்து என்று வந்து நின்றது. உன் காகிதத்தில் கூடாது என்று இருப்பது தெரியும். ஆனால் மனிதருக்கு ரத்தம் ஊற டாக்டர் எழுதிக் கொடுக்கிற பொருள் ஒரு பறவையைக் கொல்லும் என்று மூளை ஒத்துக்கொண்டாலும் கை ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வந்தால் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். ஐம்பத்தொன்பது வயதில் திருட்டுத்தனம்.

ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் எறிந்தேன், அவன் பார்த்தான், பிடிக்கவில்லை. மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. இன்னொன்று எறிந்தேன், அதுவும் விழுந்தது. வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. தவளைக்குத் தொண்டை கட்டியது போல ஒரு சத்தம் போடுவானே, அதுவும் இரண்டு நாளாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் சத்தம் இல்லாததை முதலில் கவனித்தவர் அப்பா, வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். மாமாவைக் கூப்பிட்டோம், மாமா வண்டிக்கு அன்றுதான் புது சீட் உறை போட்டிருந்தார், அதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். பக்கத்தில் இருக்கிற கால்நடை டாக்டர் வக்கீலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நான் மாடும் நாயும் பார்க்கிறவன், இதற்கு எந்தப் பக்கம் ஊசி போடுவது என்று கூடத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லி, இரண்டு மணி நேரத் தூரத்தில் பறவைகளுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா உன் வயதுதான் இருக்கும். பறவை வளர்ப்பதற்கு நீ வாங்கிய உரிமக் காகிதத்தைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எடுத்தார், ஈரல் வீங்கியிருக்கிறது, இரும்பு சேர்ந்துவிட்டது என்றார். என்ன சாப்பாடு குடுக்கறீங்க என்று என்னைக் கேட்டார். மகள் எழுதி ஒட்டியிருக்கிறபடி பழம் மட்டும்தான் என்றேன். என்ன தண்ணி என்று அப்பாவைக் கேட்டார். கேன் தண்ணி என்றார் அப்பா. டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இரும்பு தானா வராது, யாரோ குடுத்துத்தான் வரும் என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நின்றது போல இருந்தது.

திரும்பி வருகிற வழி இரண்டு மணி நேரம். மாமா ஒரு பாட்டுப் போட்டார், நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்து என்றோம். நான்தான் அவனைக் கொன்றுகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் திராட்சை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அதெல்லாம் ஒண்ணும் இல்லை, திராட்சையில எவ்வளவு இருந்துடும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு அதுதான் விநோதமாக இருந்தது. உன் அப்பா என்மேல் ஒரு குற்றம் கிடைத்து அதைச் சும்மா விட்டது எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை காபிக் குவளையை மேசையில் வைத்தேன், மேசை ஆடிக் கவிழ்ந்தது. குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே காகிதம் இல்லை. அப்பா குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, உன் அறிக்கையை எட்டு மடிப்பும் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இந்த எட்டு மடங்குன்னா எதோட எட்டு மடங்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கேன் தண்ணியை நான் அவனுக்கு ஊத்தவே இல்லை என்றார். அவன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ போன மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் வக்கீலின் கிண்ணத்தைக் கழுவி, குழாயைத் திறந்து, அதில்தான் பிடித்து வைத்திருக்கிறார், ஒன்றரை வருடம். அவன் நல்லாத்தானே இருந்தான், அவ வரும்போது அவனைக் காட்டி, பார்த்தியா, இதான் என் தண்ணின்னு சொல்லலாம்னு இருந்தேன் என்றார். அப்படியானால் வாராவாரம் வந்த கேன் எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வீடு துடைத்தாராம். அந்த ஒன்றரை வருடம் நம் வீட்டுத் தரை பளபளவென்று இருந்ததை எதிர்வீட்டுத் தையற்காரி கூடச் சொல்லியிருக்கிறாள், நான் என் கைப்பக்குவம் என்று இருந்தேன்.

அவரைத் திட்ட வாய் வந்தது. திராட்சை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, அன்று அந்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து எனக்கு வந்தது கோபம் இல்லை, வேதனைதான். அவர் வக்கீலைக் கொல்ல நினைக்கவில்லை. உன்னிடம் ஜெயிக்க நினைத்தார். உன்னிடம் பேச வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் செய்ததைக் கேள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற பைப்பில் ஒரு சாண் நீளம் ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்து எடுத்தார். உள்ளே பார்த்தால் ஓட்டை சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கி, சுற்றிலும் துரு செதில் செதிலாக அடைந்து கிடந்தது. வெளியே பெயின்ட் அடித்துப் புத்தம் புதுசாக இருக்கிற பைப். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார், சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழவில்லை. மறுநாள் வீடு முழுக்க பைப்பைக் கழற்ற ஆரம்பித்தார். ஆளை வைத்துச் செய்யலாம் என்றேன், நான் போட்டது, நான்தான் எடுக்கணும் என்றார். முழங்கால் வலியோடு பதினோரு நாள். சில இணைப்பு அவ்வளவு இறுக்கம், பைப் ரிஞ்சில் தொங்கினாலும் அசையவில்லை, எவன்டா இப்படி முடுக்கினவன் என்று ஒருமுறை தன்னை மறந்து திட்டினார், பிறகு ரிஞ்சை மறுபடி மாட்டினார். இத்தனை வருடம் விளையாட்டுச் சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பைப்பை வாங்கத் தனக்குத் தெரிந்த கடைக்குப் போகவில்லை, மூன்று தெரு தள்ளி, தன்னை யாரென்று தெரியாத கடைக்குப் போனார். அங்கே கல்லாவில் இருந்தவர், பெரியவரே, இந்த சொல்யூஷனைத் தடவிட்டு ஒரு நிமிஷம் பிடிச்சிருக்கணும், அவசரப்படக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம். இவரும் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். அந்தப் பதினோரு நாளும் நான் தையற்காரி வீட்டில் குளித்தேன். அவள் வீட்டிலும் அப்பா போட்ட பைப்தான், தண்ணீர் செம்பட்டையாக வந்தது. இப்போது அங்கேயும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், கூலி இல்லாமல். எத்தனை வீடு போவார் என்று தெரியவில்லை. முழங்காலுக்கு ஒரு உறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதைப் போடச் சொன்னால் கோபம் வருகிறது.

வக்கீலுக்கு வைத்தியம் என்னவென்றால் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவது. எடுக்க எடுக்க, உடம்பு ஈரலில் இருக்கிற இரும்பை எடுத்துப் புது ரத்தம் செய்துகொள்ளுமாம். எனக்கு ரத்தம் ஊற வேண்டும், அவனுக்கு ரத்தம் குறைய வேண்டும், ஒரே வீட்டில் இரண்டு வைத்தியம். முதலில் வாரம் ஒரு தடவை போனோம், இப்போது மாதம் ஒரு தடவை. ஊசி போடும்போது அப்பாதான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொண்டு சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பார். வக்கீல் அந்த நேரம் பார்த்து அவருடைய காதைக் கவ்விக்கொள்வான். விடுவிக்கட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார், இருக்கட்டும், அவனுக்கும் எதையாவது பிடிச்சுக்கணும்ல என்றார் அப்பா. இதோடு பால் இல்லாத, சர்க்கரை இல்லாத வெறும் டீயை ஆறவைத்துக் கொஞ்சம் குடுத்துப் பார்க்கலாம், இரும்பு உடம்பில் ஏறாமல் தடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆகவே தினமும் நாலு மணிக்கு வக்கீலும் அப்பாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வக்கீலுக்கு ஒரு சின்னக் கிண்ணம், அப்பாவுக்கு டம்ளர். இருவருக்கும் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை. உங்களுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்றேன், அவன் முன்னாடி நான் மட்டும் சர்க்கரை போட்டுக் குடிச்சா நல்லா இருக்காது என்றார். இதில் அப்பாவின் சர்க்கரை அளவு குறைந்துவிட்டது, பெருமை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

நீ வீடியோவில் பார்த்தபோதெல்லாம் நான் வக்கீலை இடப் பக்கமாகவே காட்டினேன், வலப் பக்கம் ரத்தம் எடுத்த இடத்தில் இறகு இல்லை. அதற்காகவும் என்னை மன்னித்துக்கொள். போன மாதச் சோதனையில் ஈரல் வீக்கம் பாதி குறைந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிழைத்துவிடுவான் என்று சொல்லவில்லை, இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார். ஆனால் நேற்று ஒரு திராட்சை எறிந்தேன், உலர்ந்தது இல்லை, பச்சைத் திராட்சை, உன் காகிதத்தில் அனுமதி இருக்கிறது, பார்த்துவிட்டேன். மூக்கின் நுனியில் வாங்கினான். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஸ்பானரைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே போனார், அது அவர் கையிலேயே இருந்தது.

இப்போது பொட்டலத்தைப் பிரி. மேலே சுற்றியிருக்கிற வெள்ளை டேப் குழாய் இணைப்பில் சுற்றுவது, ஒரு சொட்டு ஒழுகாது என்று அப்பா உத்தரவாதம் தருகிறார். உள்ளே இருப்பது ஒரு பாட்டில் தண்ணீர். பைப்பை மாற்றிவிட்டீர்கள், இன்னும் எதற்குக் கேன் தண்ணீர், வக்கீலுக்கு இதையே ஊற்றலாமே என்று போன வாரம் நான்தான் கேட்டேன். பைப் மாறினா போதுமா, தொட்டிக்கு வர்ற தண்ணியே எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும், தெரியாத விஷயத்துல கை வைக்கக் கூடாது என்றார். இங்கேயும் சோதனை செய்கிற இடம் இருக்கிறது, பேருந்தில் அரை மணி நேரம். அங்கே போக மாட்டேன் என்றுவிட்டார். உனக்கு அனுப்ப ஒரு பாட்டிலைத் தேட ஆரம்பித்தார்.

தண்ணீர் பிடித்த அன்று காலையில் அவரை நீ பார்த்திருக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் ஓடவிட்டார். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை கழுவினார், மூடியையும் தனியாகக் கழுவினார். விரல் வாய்ப் பக்கம் படாமல் அடியைப் பிடித்துக்கொண்டு, காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்து வரைக்கும் நிரப்பினார். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அன்னைக்கு அவ சொன்னாளே என்றார். அந்தச் சண்டைக்கு முன்னால், எப்படிப் பிடித்தேன் என்று நீ விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார், நீயும் நானும் அவர் கேட்கவே இல்லை என்றுதான் நினைத்தோம். நீ உன் பழைய மேசை இழுப்பறையில் விட்டுப்போன தண்ணீர் மாதிரிச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கிறார், படித்துப் பார். இடம் சமையலறைக் குழாய், நேரம் காலை ஆறு என்று எழுதியிருக்கிறார். மாதிரி எடுத்தவர் பெயர் என்று இருக்கிற இடத்தில் தன் பெயரை எழுதாமல் அப்பா என்று எழுதியிருக்கிறார். இப்படி எழுதினால் சோதனைக்கூடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியும் என்றார்.

உன் அறிக்கை இப்போது மேசைக்காலுக்குக் கீழே இல்லை, அப்பா அதை நீவி, உன் காகிதத்துக்குப் பக்கத்தில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். அதனால்தான் மேசை ஆடுகிறது. வேறு காகிதம் மடித்து வைக்கலாம் என்றேன், ஆடினா ஆடட்டும் என்கிறார்.

கோபம் வந்தால் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது, பாதியை என் மேல் வைத்துக்கொள். தலையை ஈரத்தோடு கட்டாதே. பல் வலித்த பக்கத்தில் குளிர்ந்தது எதுவும் வைக்காதே. அறைத் தோழியின் குறட்டைக்குப் பஞ்சு வைத்துக்கொள்வதை விட அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லலாம், இது அப்பாவின் யோசனை. நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனதும் தெளிவாக, கெட்டது எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் எழுந்ததும் நினைக்கிறேன், படுக்கும்போதும் நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, மறக்காதே. தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, எத்தனை புள்ளி வந்தாலும், நல்லதோ கெட்டதோ, எனக்கு எழுதாதே. அப்பாவுக்கு எழுது. தினமும் நாலு மணிக்கு வக்கீலோடு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா